டர்போ கார் நெடுநாள் உழைக்குமா?



திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், சமநிலம் முடிந்து மலை தொடங்குமிடத்தில் கல்லாறு என்னும் சிற்றூர் இருக்கின்றது. அந்தப் பெயருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. தமிழருக்கும் மலையாளிக்கும் அது ஒரே பொருளைத் தருகின்றது. உருண்டு திரண்ட பாறைகளின் ஊடே தெளிந்த நீர் ஓடிச் சென்று வாமனபுரம் ஆற்றில் கலக்கின்றது. தமிழ்நாட்டு நேயர்கள் பலருக்குக் கல்லாறு என்றவுடன் மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறுதான் நினைவுக்கு வரும். நீலகிரி மலை ரயிலின் பல்சக்கரப் பாதை அங்கேதான் ஆரம்பமாகின்றது. இரண்டு கல்லாறுகளும் மலையின் காலடியில் இருப்பவை. இரண்டிலும் ஊர்தியின் உண்மையான சோதனை அதற்கு மேலேதான் தொடங்குகின்றது. பொன்முடிச் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு.

அந்தப் பலகைகளுள் ஒன்றின் அருகே, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நம்முடைய கார் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்பதுகூடச் சரியன்று. முதலில் ஊளையிடுவது போன்ற மெல்லிய ஓசை கேட்டது. பிறகு வேகம் குறைந்தது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி, சுமை ஏற்றிய மாட்டு வண்டியைப் போலத் தளர்ந்து ஏறிற்று. பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் விளக்கைக் காட்டிச் சைகை செய்தார். கண்ணாடியில் பார்த்தபோது நம் வண்டியின் பின்னே நீலநிறப் புகை மலைப் பனியோடு கலந்து நின்றுகொண்டிருந்தது.

அது பழைய வண்டியாக வாங்கியது. வங்கிக் கடனில் வாங்கியது. இன்னும் நான்கு ஆண்டுத் தவணை பாக்கி இருந்தது. பொன்முடிக்குப் போவதற்காக வாங்கியதும் அன்று. தென்காசியில் தனியே இருக்கும் தாயாரை மாதம் இருமுறை சென்று பார்த்து வருவதற்காக, தென்மலையும் ஆரியங்காவும் செங்கோட்டையும் தாண்டிச் செல்லும் அந்த மலைப்பாதைக்காகவே வாங்கியது. பிற மாநிலங்களில் வாழும் தமிழரான தங்களுக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கும் நமக்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பது கிலோமீட்டர் அன்று. நினைத்த நேரத்தில் புறப்பட முடியுமா என்பதே அதன் அளவு.

பழுது நீங்கி வண்டி திரும்பி வர மூன்று வாரங்கள் ஆயின. செலவு நம்முடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலாயிற்று. அந்த மூன்று வாரங்களில் கற்றுக்கொண்டவற்றையும், பின்பு படித்து அறிந்தவற்றையும் நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இப்பேச்சின் நோக்கம். வண்டியின் பெயரை நாம் சொல்லப்போவதில்லை. குற்றம் வண்டியினுடையது அன்று.

டர்போ என்னும் உறுப்பு யாது? இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று, தொழில் பழக்கத்தால், நாமும் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். சுழலூட்டி, மிகையூட்டி எனச் சில சொற்கள் தோன்றின. பணிமனையில் எண்ணெய்க் கையோடு நின்ற இளைஞர் டர்போ என்றார். நாமும் டர்போ என்றே சொல்லக் கற்றுக்கொண்டோம்.

எஞ்சினுக்கு உணவு பெட்ரோலோ டீசலோ மட்டும் அன்று, காற்றும் உணவுதான். ஒரு பங்கு பெட்ரோல் முற்றிலும் எரிய, எடையில் அதைப்போல் ஏறத்தாழப் பதினான்கரை மடங்கு காற்று வேண்டும். ஆகவே அதிகச் சக்தி வேண்டுமானால் அதிகக் காற்றை உட்செலுத்த வேண்டும். அதற்கு ஒரு வழி எஞ்சினைப் பெரிதாக்குவது. மற்றொரு வழி, சிறிய எஞ்சினுக்குள்ளேயே காற்றை அமுக்கித் திணிப்பது. அமுக்குவதற்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து கிடைக்கும்? எரிந்து வெளியேறும் புகைக்குள் வெப்பமும் விசையும் வீணாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அப்புகையின் பாதையில் ஒரு சிறு சக்கரத்தை வைத்துச் சுழல விட்டு, அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தைப் பூட்டி, அதைக் கொண்டு வெளிக்காற்றை உள்ளே அமுக்குவதே டர்போவின் வேலை. அமுக்கிய காற்று சூடேறும். சூடான காற்று விரியும். ஆதலின் அதைச் சிறியதொரு குளிர்விப்பான் வழியே செலுத்திய பிறகே எஞ்சினுக்குள் விடுகிறார்கள். இந்த ஏற்பாட்டை முதலில் வகுத்தவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் ஆல்ஃபிரட் பூக்கி. 1905-ஆம் ஆண்டில் அதற்கு அவர் காப்புரிமை பெற்றார்.

இது வெகு அண்மையில் நம் நாட்டுக்கு வந்த புதுமை என்று எண்ணுதல் வேண்டா. தங்களுள் வயது முதிர்ந்தோர், டீசல் எஞ்சின் பூட்டிய விரைவு ரயிலில் சென்னைக்கும் தில்லிக்கும் போய்வந்தவர்கள், டர்போவைக் கண்ணாரக் கண்டவர்களே. 1962-இல் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகி, 1964 முதல் வாரணாசியில் செய்யப்பட்ட அந்த ஆல்கோ வகை எஞ்சின்கள் பதினாறு சிலிண்டரும் 2,600 குதிரைத் திறனும் உடையவை, டர்போ பொருத்தப்பட்டவை. ரயில் நிலையத்தை விட்டுப் புறப்படுகையில் எஞ்சினின் உச்சியிலிருந்து கரிய புகை குபுகுபுவென்று எழும். சிறிது தூரம் சென்றதும் அது மெலிந்து மறையும். அந்தப் புகைக்குக் காரணம் என்ன? ஓட்டுநர் விசையைக் கூட்டியவுடன் டீசல் அதிகமாகப் பாய்ந்துவிடுகின்றது. ஆனால் டர்போ வேகம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகின்றன. அதுவரை காற்றுப் போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்து கரியாகின்றது. இக்காலத்துக் கார்களில், மிதியை அழுத்திய பின் ஒரு கணம் தயங்கி, பிறகு திடீரென வண்டி பாய்வதாகச் சொல்கிறார்களே, அதுவும் இதே தயக்கந்தான். அது நோயன்று, அதன் இயல்பு.

காரில் டர்போ வந்து சேர்ந்த கதை சுவையானது. நம் பொருளுக்கு மிகவும் வேண்டியதுங்கூட. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்னும் கார் வெளிவந்தது. அதே ஆண்டில் வந்த செவ்ரலே கார்வேர் மான்ஸா ஸ்பைடரோடு, விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்களுள் அதுவும் ஒன்று. அதன் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் அளவுக்கு மீறிச் சூடேறி, நேரமல்லா நேரத்தில் வெடிக்காமலிருக்க, வாலை வடிநீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும்படி அமைத்திருந்தார்கள். அத்திரவத்துக்கெனத் தனிக் கலம் உண்டு. காரின் சொந்தக்காரர் தீரத்தீர அதை நிரப்பிவரவேண்டும். பலர் நிரப்பவில்லை. கலம் வறண்டால் டர்போவின் அழுத்தம் குறைந்து வண்டி மந்தமாகும்படி செய்திருந்தார்கள். உடனே, வண்டி கெட்டுவிட்டது என்று குறைகூறினார்கள். பத்தாயிரத்துக்கும் குறைவான வண்டிகளோடு 1963-இல் அதன் தயாரிப்பு நின்றது. எத்தனையோ வண்டிகளிலிருந்து டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுத்தார்கள். அந்த ஊறு நீங்க நெடுங்காலம் பிடித்தது. 1978-இல் சாப் நிறுவனத்தின் 99 டர்போவும், மெர்சிடிஸ் நிறுவனத்தின் டர்போ டீசல் காரும் வந்த பிறகே, அன்றாட உபயோகத்துக்கும் இது ஏற்றது என்னும் எண்ணம் மீண்டும் தோன்றலாயிற்று.

நம் நாட்டில் சிறிய டர்போ எஞ்சின்கள் பெருகியதற்கு வரிவிதிப்பும் ஒரு காரணம். அரசாங்க ஆணைகளை மொழிபெயர்ப்பதே நம் பிழைப்பாதலின் இதனைச் சற்று அறிவோம். 2006-ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில், நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோலானால் 1,200 கன சென்டிமீட்டருக்கும் டீசலானால் 1,500 கன சென்டிமீட்டருக்கும் மேற்படாத எஞ்சினும் உடைய கார்களுக்குக் கலால் வரி குறைக்கப்பட்டது. அதே எல்லைக்கோடு பின்னர் வந்த சரக்கு மற்றும் சேவை வரியிலும் தொடர்கின்றது. எஞ்சினின் அளவைச் சட்டம் கட்டிப்போட்டது. மக்களோ அதிகச் சக்தி கேட்டார்கள். அந்த இடைவெளியை டர்போ வந்து நிரப்பியது. 2007-இல் மாருதி ஸ்விஃப்ட் டீசல் 1,248 கன சென்டிமீட்டர் எஞ்சினோடு வந்து ஊரெங்கும் பரவியது. பெட்ரோலில் 2013-இல் ஃபோக்ஸ்வாகன் போலோவும், 2017-இல் டாடா நெக்ஸானும், 2019-இல் ஹூண்டாய் வென்யூவும் டர்போவோடு வெளிவந்தன. அந்த வண்டிகள் இன்று இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி விலைக்கு வருகின்றன. நம்மைப் போன்ற நடுத்தர வருவாயினர் வாங்குபவை பெரும்பாலும் அவையே. ஆகவே, டர்போ கார் நெடுநாள் உழைக்குமா என்னும் கேள்வி, காட்சிசாலையில் புதுக்கார் பார்ப்போரைவிட நம்மையே அதிகம் பற்றியது.

இனி, அது எவ்வாறு கெடுகின்றது என்று காண்போம். காரின் எஞ்சின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுச் சுற்றினாலே நாம் அதன் இரைச்சலுக்கு அஞ்சுகிறோம். டர்போவின் அச்சோ நிமிடத்துக்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் சுற்றுக்கள் வரையில், அதற்கு மேலுங்கூடச் சுற்றுகின்றது. ஒருபுறம் அதைத் தாக்கும் புகை, பெட்ரோல் எஞ்சினில், செல்சியஸ் 900 டிகிரியையும் தாண்டக்கூடும். இரும்பு செக்கச் செவேலென்று பழுக்கும் வெப்பம் அது. மறுபுறம் வெளிக்காற்று. இந்த அச்சு எதன்மேல் சுழல்கின்றது? பெரும்பாலான டர்போக்களில் குண்டுகளின்மேல் அன்று; எண்ணெயின்மேல். எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியே வரும் எண்ணெய், அச்சைச் சுற்றித் தலைமயிரினும் மெல்லிய படலமாகப் பரவி, உலோகத்தோடு உலோகம் படாமல் அதனை மிதக்க வைக்கின்றது. உராய்வைக் குறைப்பது மட்டுமன்றி, வெப்பத்தை அள்ளிச் செல்வதும் அவ்வெண்ணெயே. அது தடைப்பட்டால் அச்சின் ஆயுள் விநாடிக் கணக்கில்தான்.

நம் காரில் தடைப்பட்டது அதுதான். டர்போவைக் கழற்றிய பணிமனைக்காரர், எண்ணெய் வரும் அந்தச் சிறு குழாயை நம்மிடம் நீட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். குழாயின் உட்புறம் சட்டியின் அடிக் கரிபோல் இறுகிப் போயிருந்தது; மறுபக்க வெளிச்சம் ஊசித் துளை அளவே தெரிந்தது. அச்சை விரலால் ஆட்டினால் கடகடவென்று ஆடியது. சக்கரத்தின் இதழ்கள் உறையில் உராய்ந்து தேய்ந்திருந்தன. ஊளை எங்கிருந்து வந்தது என்பதும், நீலப் புகை எதனால் என்பதும் அப்போதே விளங்கிவிட்டன. அடைப்பான்கள் தளர்ந்து எண்ணெய் காற்றுப்பாதையில் கசிந்து எரிந்ததே நீலப் புகை. முந்திய சொந்தக்காரர் தந்த பராமரிப்புப் புத்தகத்தில் ஓரிடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் இடையே இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் இடைவெளி இருந்தது. வாங்கும்போது நாம் அதைப் பார்த்தோம். பார்த்தும் பொருட்படுத்தவில்லை, விலை குறைவாக இருந்தது.

எண்ணெய் எப்படிக் கரியாகின்றது என்பதில்தான், பொன்முடிச் சாலை நமக்கு நல்லதொரு பாடசாலையாக வாய்த்தது. கல்லாற்றிலிருந்து மேலேறும்போது எஞ்சின் முழு உழைப்பில் இருக்கின்றது. டர்போவின் புகைப்பக்கம் பழுக்கக் காய்ந்திருக்கின்றது. போதாதற்கு மலை உயர உயரக் காற்றின் அடர்த்தி குறைகின்றது. பொன்முடி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ளது. அங்கே காற்றழுத்தம் கீழே உள்ளதைவிட எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. சாதாரண எஞ்சின் அந்த விகிதத்தில் தன் சக்தியை இழக்கும். டர்போ எஞ்சின் அவ்வளவாக இழப்பதில்லை. சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்று குறையை ஈடுசெய்துவிடுகின்றது. 1918-இல் சான்ஃபோர்டு மாஸ் என்னும் பொறியியலாளர், விமான எஞ்சின் ஒன்றை அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில் பதினாலாயிரம் அடி உயரத்துக்குக் கொண்டுபோய், டர்போவினால் அதன் சக்தி குன்றாமல் இருப்பதை மெய்ப்பித்துக் காட்டினார். மலைக்கு ஏற்ற எஞ்சின் என்று இதைச் சொல்வது அதனால்தான். ஆயினும் அந்த ஈடு இலவசமாக வருவதன்று. உயரத்தில் டர்போ கூடுதலாக உழைக்கின்றது, கூடுதலாகக் காய்கின்றது.

அந்நிலையில் உச்சிக்குச் சென்று சேர்கிறோம். குழந்தைகள் மேகத்தைக் காணும் ஆவலில் கதவைத் திறந்துவிடுகிறார்கள். நாமும் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிடுகிறோம். நிறுத்திய கணத்தில் எண்ணெய் ஓட்டமும் நிற்கின்றது. பழுத்த இரும்பின் வெப்பம் மட்டும் அச்சின் வழியே உள்ளே ஊர்ந்துவந்து, அங்கே தேங்கிநிற்கும் கொஞ்சம் எண்ணெயைக் கருக்குகின்றது. ஒருநாள் இப்படிச் செய்தால் ஒன்றும் ஆகிவிடாது. நூறு முறை செய்தால் ஒரு மெல்லிய படலம். பழைய எண்ணெயோடு சில நூறு முறை செய்தால், நம் கையில் இருந்த அந்தக் குழாய்.

இக்காலத்து வண்டிகள் பலவற்றில் டர்போவின் நடுப்பகுதியைச் சுற்றிக் குளிர்நீரும் ஓடுகின்றது. எஞ்சின் நின்ற பிறகும் சில நிமிடம் நீரைச் சுழற்றும் மின்விசைக் குழாயும் சில வண்டிகளில் உண்டு. ஆதலின் முற்காலம்போல் ஐந்து நிமிடம் காத்துநிற்க வேண்டுமென்பதில்லை. கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டிவந்தாலே போதும். அது முடியாத மலையுச்சியில் ஓரிரு நிமிடம் எஞ்சினை வெறுமே ஓடவிட்டு நிறுத்துவது நன்று. குழந்தைகள் இறங்கட்டும், எஞ்சினை நிறுத்த அவசரமில்லை.

பலர் இதை மாற்றிச் செய்வதையும் கண்டிருக்கிறோம். மலையிலிருந்து இறங்கிக் கல்லாற்றங்கரையில் வண்டியை நிறுத்தியதும், டர்போ ஆறவேண்டும் என்று சொல்லி எஞ்சினை உறுமவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இறங்கும்போது டர்போவுக்கு ஏது வேலை? மிதியிலிருந்து காலை எடுத்துக் கியரில் இறங்கும் வண்டிக்கு எரிபொருளே பாய்வதில்லை. குளிர்ந்த காற்றுத்தான் உள்ளே போய் வெளியே வருகின்றது. கல்லாறு வந்து சேருவதற்குள் டர்போ நன்றாக ஆறியிருக்கும். அப்போது காய்ந்திருப்பவை பிரேக்குகள். அதிலும் ஒரு லிட்டர் எஞ்சின் உடைய சிறிய டர்போ வண்டி, ஏறும்போது பெரிய வண்டியைப்போல் ஏறினாலும், இறங்கும்போது சிறிய வண்டியே. கியரில் தன்னைப் பிடித்துநிறுத்தும் வலிமை அதற்குக் குறைவு. ஏறிய கியரைவிட ஒரு படி குறைத்தே இறங்க வேண்டும். இந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் சொல்லியும் பயனில்லை. டர்போ கெட்டால் பணம் போகும். பிரேக் கெட்டால் போவது பணம் அன்று.

ஏறும்போது இன்னொரு தவறும் நேர்கின்றது. கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்த பின்னும் கியரைக் குறைக்காமல், டர்போதான் இருக்கின்றதே என்று மூன்றாம் கியரிலேயே மிதியை முழுக்க அழுத்துவது. குறைந்த சுற்றில் மிகுந்த அழுத்தம் ஏறும்போது, நேரடியாகப் பெட்ரோல் செலுத்தும் டர்போ எஞ்சின்களில், தீப்பொறி வருமுன்னரே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. அது பிஸ்டனையே உடைக்கவல்லது. எண்ணெயில் சேர்க்கும் கால்சியம் சார்ந்த துப்புரவுப் பொருள்கள் இதற்குத் துணைசெய்கின்றன என்று கண்டு, அவற்றைக் குறைத்து மக்னீசியம் சார்ந்தவற்றைச் சேர்க்கலானார்கள். 2020-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. என்னும் எண்ணெய்த் தரத்தில் இதற்கான சோதனையும் அடங்கியுள்ளது. எந்த எண்ணெயானால் என்ன என்று கடைக்காரர் சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். கையேட்டில் சொல்லியிருக்கும் தரமும் தடிப்பும் டப்பாவின்மேல் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

கையேடு என்றதும் நம் தொழில் புத்தி தலைதூக்குகின்றது. வண்டி பழுதான பிறகு, அதன் கையேட்டை முதன்முறையாக முதலிலிருந்து முடிவுவரை, மொழிபெயர்க்கப்போகும் ஆவணத்தைப் படிப்பதுபோல் படித்தோம். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது எண்ணெய் மாற்றவேண்டும் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு. கடுமையான பயன்பாட்டில் இந்த இடைவெளியைக் குறைக்கவேண்டும் என்றது அது. கடுமையான பயன்பாடு எது? புழுதி நிறைந்த சாலை, மலைப்பாதை, நெரிசலில் நின்று நின்று ஓட்டுவது, எஞ்சின் சூடேறுமுன் முடிந்துவிடும் குறுகிய பயணம், மிகுந்த வெப்பம். படித்து முடித்ததும் நமக்குச் சிரிப்பு வந்தது. திருவனந்தபுரத்தில் அலுவலகம் போய்வருவது குறுகிய பயணம், தென்காசி மலைப்பாதை, மற்ற நாளெல்லாம் நெரிசல். தங்களுள் பெங்களூரில் இருப்போரும் மும்பையில் இருப்போரும் தில்லியில் இருப்போரும் தத்தம் ஓட்டத்தை எண்ணிப் பார்க்கட்டும். கையேடு விதிவிலக்காகச் சொல்வதுதான் நம் நாட்டில் பெரும்பாலோருக்கு விதி. ஆகவே ஐயாயிரம் முதல் ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்குள் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றிவிடுவது என்று நாம் முடிவு செய்தோம். கூடுதல் செலவு ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய். டர்போ மாற்றிய பட்டியலை அதனருகில் வைத்துப் பார்த்தால் அது செலவாகத் தோன்றவில்லை.

பட்டியல் என்றதும் ஒரு செய்தி. டர்போ போய்விட்டது என்றவுடன் புதியதைப் பொருத்தி அனுப்பிவிடும் பணிமனைகள் உண்டு. அது ஏன் போயிற்று என்று பார்க்காமல் புதியதைப் பொருத்தினால், சில மாதங்களில் அதுவும் போகும். நம் பணிமனைக்காரர் எண்ணெய்க் குழாயைப் புதிதாக்கினார். எஞ்சினின் அடிக்கலத்தைக் கழற்றி, எண்ணெயை உறிஞ்சும் சல்லடையைச் சுத்தம் செய்தார். உடைந்த துணுக்கு ஏதும் தங்கியிருக்குமோ என்று குளிர்விப்பானைக் கழுவினார். பாதி நாட்கள் இவற்றில்தான் கழிந்தன. அன்று பொறுமையிழந்து தொலைபேசியில் நாம் கடிந்துகொண்டதை இப்போது எண்ணி வருந்துகிறோம்.

டர்போ நம் பகுதிகளுக்கு அந்நியமான பொருளும் அன்று. சென்னைக்குத் தெற்கே பையனூரில் டர்போ எனர்ஜி என்னும் நிறுவனம் பல்லாண்டுகளாக இவற்றைச் செய்துவருகின்றது. பழுதுபார்த்துத் தருவோரும் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். எனினும், நடுப்பகுதியை மட்டும் மாற்றினால் பிறகு சமநிலை பார்க்கும் பொறியில் வைத்துச் சரிபார்த்தார்களா என்று கேட்டறிவது அவசியம். லட்சக்கணக்கில் சுற்றும் பொருளில் கடுகளவு எடை வேறுபாடும் பெரும்பிழை.

டீசல் வண்டியைப் பற்றி ஒரு சொல். 2020 ஏப்ரல் முதல் தேதி பாரத் ஆறாம் கட்ட மாசு விதி வந்த பிறகு, டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கின்றது. நெடுஞ்சாலையில் சிறிது நேரம் ஒரே வேகத்தில் ஓடினால் அந்தக் கரி எரிந்து தூய்மையாகும். நாள்தோறும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். அரைகுறையாக எரிக்க முயன்ற டீசல் எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் டர்போவின் அச்சுக்குப் பகை. குறைந்த தூரமே ஓட்டுவோருக்கு டீசல் வேண்டா என்பது நம் அபிப்பிராயம். தலைநகரப் பகுதியில் வாழ்வோர், பழைய டீசல் வண்டிகளின் வயது பற்றிய விதிகள் பன்முறை மாறியுள்ளமையால், வாங்குமுன் அன்றைய நிலையைக் கேட்டறிந்துகொள்வது நலம்.

பழைய டர்போ கார் வாங்குவோர் செய்யவேண்டியது அதிகமில்லை. எஞ்சின் ஆறிக்கிடக்கும்போதே போய்ப் பாருங்கள். விற்பவர் முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தில் கரிய பிசின் உள்ளதா எனப் பாருங்கள். குளிர்விப்பானுக்குச் செல்லும் ரப்பர்க் குழாய்களின் இணைப்பில் சிறிது எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயற்கை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் குழாய்களில் வெடிப்பு இருந்தால் காற்று கசியும். கசிந்ததை ஈடுசெய்ய டர்போ வரம்பு மீறிச் சுழலும். ஒரு சிறு ரப்பர்க் குழாயால் டர்போவே போகும். நல்ல மேட்டில் ஓட்டிப் பாருங்கள். ஊளை, நீலப்புகை, தளர்ச்சி இம்மூன்றில் ஒன்றிருந்தாலும் விலையைப் பேசாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெய் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். கிலோமீட்டர் குறைவாக ஓடிய, ரசீதில்லாத வண்டியைவிட, ஒரு லட்சம் ஓடிய, ரசீதுள்ள வண்டி மேலானது.

அப்படியானால் டர்போ கார் நெடுநாள் உழைக்குமா? டர்போ இல்லாத எளிய எஞ்சின், அலட்சியத்தைப் பொறுத்துக்கொள்ளும், இது பொறுத்துக்கொள்ளாது. வேளாவேளைக்கு எண்ணெயும் காற்று வடிகட்டியும் குளிர்நீரும் மாற்றி, காலையில் எஞ்சின் சூடேறும்வரை மென்மையாக ஓட்டுவோரிடம் எஞ்சினோடு எஞ்சினாக அதுவும் இரண்டு லட்சம் கிலோமீட்டர் உழைத்திருப்பதை வாடகை வண்டிக்காரர்களிடம் காணலாம். அவ்வாறு பேண நேரமோ மனமோ இல்லாதவர் எளிய எஞ்சின் உள்ள வண்டியையே வாங்கலாம். அதில் குறைவொன்றும் இல்லை. மலை மேட்டில் இரண்டாம் கியரில் சற்று மெதுவாக ஏறவேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நாம் அந்த வண்டியை விற்கவில்லை. விற்றுவிடு என்று வீட்டில் சொன்னார்கள். தவணை பாக்கி இருந்தது, மனமும் வரவில்லை. இப்போது அதன் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு சிறு குறிப்பேடு இருக்கின்றது. எண்ணெய் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எண்ணெயின் தரமும் அதில் தமிழிலேயே எழுதிவருகிறோம். சென்ற மாதம் தாயாரை அழைத்துக்கொண்டு பொன்முடிக்குப் போனோம். அந்த வளைவுப் பலகையைக் கடக்கும்போது யாரும் ஒன்றும் பேசவில்லை. உச்சியில் அவர் இறங்கி மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சின் ஏன் இன்னும் ஓடுகிறது என்று கேட்டார். ஆறட்டும் என்றோம். அடுப்பிலிருந்து இறக்கிய பாலையும் உடனே மூடக்கூடாது என்று சொல்லிவிட்டு, மீண்டும் மேகத்தைப் பார்க்கத் திரும்பினார்.